ரேடாரிலிருந்து பல்செட்டுக்கு

1940 ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, லண்டனில் ஒரு டாக்சிக்காரர் கறுப்புத் தகரப் பெட்டியொன்றை வண்டிக்குள் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். வக்கீல்கள் பத்திரங்களைப் பூட்டி வைக்கிற மாதிரியான பெட்டி. வேறு வழியில்லாமல் அதை வண்டியின் கூரைமேல் கட்டினார்கள். பெட்டிக்குப் பொறுப்பாளர் எட்வர்ட் போவென் என்ற வேல்ஸ்காரர், இயற்பியலாளர். முந்தின இரவு ஓட்டல் பெட்டகத்துக்குள் அது நுழையாததால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் படுத்திருந்தார். யூஸ்டன் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஒரு போர்ட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் விறுவிறுவென்று நடக்க, அவரைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள போவென் படாதபாடு பட்டார். பிரிட்டனின் ராணுவ ரகசியங்களில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. லிவர்பூலில் 'டச்சஸ் ஆஃப் ரிச்மண்ட்' கப்பல் காத்திருந்தது. டிசார்ட் குழு என்று பிறகு பெயர் பெற்ற தூதுக்குழு அந்தக் கப்பலில்தான் கனடா வழியாக அமெரிக்கா போனது.

பெட்டியிலிருந்த காகிதங்களை விட மதிப்பான பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு செப்புக் கட்டி. அதன் பெயர் மேக்னட்ரான். இன்று நம் சமையலறையில் சாம்பாரைச் சூடுபண்ணுகிற மைக்ரோவேவ் அடுப்பின் வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அதன் நேரடி வாரிசு. பல்செட்டில் ஒட்டிக்கொண்ட பூஞ்சையைக் கொல்ல அதே அடுப்பைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த கதை.

இந்தச் செப்புக் கட்டி பிறந்த இடம் பர்மிங்காம் பல்கலைக்கழகம். 1939 கோடையில் குடும்பத்தோடு அபெரிஸ்ட்வித் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன அந்தப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் ராண்டல், அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் மின்னலைகள் பற்றிய ஹெர்ட்ஸின் புத்தகத்தை வாங்கினார். ஹெர்ட்ஸ் கையாண்ட கம்பி வளையத்தை நீட்டி ஒரு உருளைத் துளையாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஹாரி பூட் என்ற இளைஞரோடு சேர்ந்து ஒரு செப்புக் கட்டியின் நடுவே ஒரு பெரிய துளையும், அதைச் சுற்றி ஆறு சிறிய துளைகளும் போட்டார். மூடிகள் இணையும் இடத்தில் காற்றுப் புகாமல் இருக்க அரக்கு வைத்து அடைத்தார்கள். 1940 பிப்ரவரி 21 அன்று முதன்முதலாக ஓட்டியபோது, சக்தியை அளக்க மாட்டிய கார் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகிப்போயின. கணக்கிட்டால் 400 வாட், அதுவும் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அலைநீளத்தில். அந்த அலைநீளத்தில் அதுவரை கிடைத்து வந்த சக்தியோடு ஒப்பிட்டால் அது நம்ப முடியாத அளவு.

உள்ளே நடப்பது இதுதான். நடுவில் இருக்கும் சூடான கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் செப்புச் சுவரை நோக்கிக் கிளம்புகின்றன. காந்தம் அவற்றை நேராகப் போகவிடாமல் வளைத்துச் சுழற்றுகிறது. சுழலும் எலெக்ட்ரான் கூட்டம் ஒவ்வொரு துளையின் வாயையும் உரசிக்கொண்டு போகும்போது, வெறும் புட்டியின் வாயில் ஊதினால் எழும் ஒலிபோல, துளைக்குள் மின்னலை எழுகிறது. துளையின் அளவுதான் அலையின் நீளத்தைத் தீர்மானிக்கும்.

கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் ராண்டலும் பூட்டும் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேக்னட்ரான் என்ற பெயரை 1920-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஆல்பர்ட் ஹல் சூட்டிவிட்டார். சோவியத் பொறியாளர்கள் அலெக்சேயேவும் மல்யாரோவும் பல துளைகள் கொண்ட செப்புக் கட்டியை 1930-களின் நடுவிலேயே செய்து பார்த்து, 1940-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஜப்பானியர்களும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பிரிட்டனுக்கு வாய்த்தது வேறொன்று: உடனே பயன்படுத்தியாக வேண்டிய அவசரமும், அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகத் தெரிந்த ஆட்களும்.

போரில் இதன் வேலை உலோகத்தைக் கண்டுபிடிப்பது. 10 சென்டிமீட்டர் அலை உலோகத்தில் பட்டால் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். திரும்பி வருவதை வைத்துத்தான் கடலுக்கு மேல் தலைகாட்டும் நீர்மூழ்கிக் கப்பலின் சிறு கோபுரத்தைக்கூட விமானத்திலிருந்து பார்க்க முடிந்தது. தண்ணீரோ இந்த அலைகளை விழுங்கும். அலைநீளத்தைக் குறைத்தால் படம் துல்லியமாகும் என்று நம்பி, அமெரிக்கர்கள் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்தில் 1.25 சென்டிமீட்டர் ரேடாரைக் கட்டினார்கள். காற்றிலிருக்கும் நீராவியே அந்த அலையைத் தின்றுவிட்டது. உலோகம் திருப்பி அனுப்பும், தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்ற இந்த இரண்டு குணங்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் ஆஸ்பத்திரியில் நடப்பதெல்லாம் விளங்கும். என் கணிப்பில் மேக்னட்ரானின் மருத்துவ வாழ்க்கை முழுக்க இந்த இரண்டின் விளைவுதான்.

அமெரிக்காவில் இந்தச் செப்புக் கட்டியை எண்ணிக்கையில் பெருக்கியவர் ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர். மெய்ன் மாநிலத்துக் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் மில்லில் வேலைக்குப் போனவர். கட்டிச் செம்பில் நுட்பமாகத் துளை போடுவதற்குத் தேர்ந்த கடைசல்காரர்கள் வேண்டும், நேரமும் ஆகும். ஸ்பென்சர் செம்பைத் தகடு தகடாக எடுத்து, துளைகளின் வடிவத்தை அச்சில் வெட்டி, அடுக்கி, சூளையில் வைத்துப் பற்றவைத்தார். பழக்கமில்லாத தொழிலாளிகூடச் செய்யக்கூடிய வேலையாக அது மாறியது. நாளொன்றுக்கு 17 என்றிருந்த உற்பத்தி போர் முடிவதற்குள் 2,600 ஆகிவிட்டதாகச் சொல்வார்கள்.

சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிய கதை எல்லோரும் கேட்டதுதான். அதைத் தாண்டிப் போகலாம். ஸ்பென்சர் 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் வந்த 'ரேடாரேஞ்ச்' அடுப்பு ஏறத்தாழ ஆறடி உயரம், 340 கிலோ எடை, குளிர்விக்கத் தனியாகத் தண்ணீர்க் குழாய். ஓட்டல்களும் கப்பல்களும்தான் வாங்கின. மேடைமேல் வைக்கிற அளவுக்குச் சுருங்கி, 495 டாலர் விலையில் வீட்டுக்கு வந்தது 1967-ல். அலைநீளமும் அதற்குள் 12 சென்டிமீட்டரில் நிலைத்துவிட்டது. 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலை. அந்த எண்ணில்தான் தண்ணீர் மூலக்கூறு ஒத்ததிர்கிறது என்று பலர் எழுதுவது சரியில்லை. வானொலித் தொடர்புக்கு இடையூறு இல்லாமல் தொழில்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசை அது, அவ்வளவுதான். தண்ணீர் அதற்கு மேலும் கீழும் சூடாகவே செய்யும்.

மருத்துவ ஆய்வகத்துக்குள் மேக்னட்ரான் நுழைந்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. 1950-களில் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஹாம்ஸ்டர் எலிகளை உறைய வைத்து உயிர்ப்பிக்கும் ஆராய்ச்சி நடந்தது. நெஞ்சுக்கு மேல் சூடான கரண்டியை வைத்து எழுப்புவார்கள், தோல் வெந்துபோகும். அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் லவ்லாக், பிற்காலத்தில் கையா கோட்பாட்டால் புகழ்பெற்றவர், அந்தக் காட்சி பொறுக்காமல் ரேடார் காலத்து மேக்னட்ரான் ஒன்றைக் கொண்டுவந்து எலிகளை உள்ளிருந்து சூடேற்றினார். எலிகள் காயமின்றி எழுந்தன. உயிருள்ள திசுவைப் பக்குவமாகச் சூடாக்கிக் காப்பாற்ற வந்த கருவி, உயிருள்ள பூஞ்சையைக் கொல்லவும் பின்னால் உதவியது.

பூஞ்சையின் பக்கம் வருவோம். கேண்டிடா அல்பிகன்ஸ் நம்மில் பலருடைய வாயில் தொந்தரவில்லாமல் குடியிருக்கும் ஈஸ்ட் வகை. மேல் தாடைக்கு முழுப் பல்செட் போட்டவர்களுக்குத்தான் சிக்கல். அண்ணத்தோடு ஒட்டும் உட்புறத்தை யாரும் பளபளப்பாகத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் பல்செட் பிடிக்காது. அந்த அக்ரிலிக் பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும் நுண்துளையுமாக இருக்கும். நுண்துளைக்குள் ஈஸ்ட் இறங்கி, மேலே பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கிறது. எச்சில் அங்கே ஓடாது, நாக்கு படாது. இரவிலும் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு இன்னும் வசதி, பூஞ்சைக்கு. கொஞ்ச நாளில் பல்செட் மூடியிருக்கும் பகுதி மட்டும், எல்லை வரைந்த மாதிரி, சிவந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு வலியே இருக்காது. பல் டாக்டர் கழற்றிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

நிஸ்டாட்டின் மருந்து கொடுத்தால் சிவப்பு போகும். நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பும். காரணம் எளிது: மருந்து வாய்க்குப் போகிறது, பூஞ்சையின் குடியிருப்போ பல்செட்டில். ஆகவே பல்செட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் நிறம் வெளுக்கும். உலோகப் பாகம் இருந்தால் அரிக்கும். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கறை பிடிக்கவைக்கும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்தால் அக்ரிலிக் வளைந்து, பிறகு எந்த வாய்க்கும் பொருந்தாத பொருளாகிவிடும். வீட்டிலேயே ஒரு சூட்டுப்பெட்டி இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றத்தானே வேண்டும்?

தோன்றியது. 1985-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் ரோரர், புலார்ட் என்ற இருவர் பல் மருத்துவப் பொருள்களை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். பாக்டீரியா, வைரஸ் ஆகியவற்றோடு கேண்டிடாவையும் பூசிப் பார்த்தார்கள். சாதாரணத் தட்டு போதவில்லை. பொருளை மூன்று திசைகளிலும் புரட்டும் சுழற்சிக் கருவி ஒன்று தேவைப்பட்டது. அடுப்புக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால் சில இடங்கள் கொதிக்கும், சில இடங்கள் ஆறிக் கிடக்கும். ஆறிக் கிடந்த இடத்தில் நாலு ஈஸ்ட் பிழைத்தால் போதும், மறுபடி தோட்டம் போட்டுவிடும்.

அதற்குப் பிறகு சிட்னியிலும் கனடாவிலும் வேலை நடந்தாலும், விஷயத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் அராரகுவாரா நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிதான். முழுப் பல்செட்களில் கேண்டிடா இனங்களை வளர்த்தார்கள். ஒரு குவளையில் 200 மில்லி தண்ணீர், அதில் மூழ்கிய பல்செட், 650 வாட் அடுப்பு. முதலில் 6 நிமிடம் வைத்தார்கள். எல்லாம் செத்தது. ஆனால் திரும்பத் திரும்ப அவ்வளவு நேரம் வைத்தால் அக்ரிலிக்கின் வடிவம் மாறுமோ என்ற கவலை இருந்தது. நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து 3 நிமிடத்தில் நின்றார்கள். அதற்கடுத்து நோயாளிகளிடம் சோதனை. சர்க்கரை நோயுள்ள பல்செட்காரர்களில் ஒரு பிரிவினருக்கு நிஸ்டாட்டின், இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாமல் பல்செட்டுக்கு மட்டும் மைக்ரோவேவ். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பலன் தந்தன. மருந்தில்லாத சிகிச்சை மருந்துக்கு ஈடாக நின்றது சின்ன விஷயமில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே கைநிறைய மாத்திரை விழுங்கும் வயதானவருக்கு இதன் அருமை புரியும்.

பூஞ்சையைக் கொன்றது எது? அலையா, சூடா? இதில் நீண்ட காலம் வாதம் நடந்தது, இன்னும் முழுக்க ஓயவில்லை. அலையே செல்லுக்குள் ஏதோ செய்கிறது என்று ஒரு கட்சி, வெறும் வெப்பம்தான் என்று இன்னொரு கட்சி. அராரகுவாரா குழுவினரே கேண்டிடாக் கரைசலை மைக்ரோவேவில் வைத்து, செல்லின் சவ்வு கிழிந்து உள்ளிருப்பது வெளியே ஒழுகுவதைக் காட்டினார்கள். ஆனால் சவ்வு கிழிவது வெப்பத்தாலும் நடக்கும். எனக்கு வெப்பக் கட்சியின் வாதமே பலமாகத் தெரிகிறது. காரணம், உலர்ந்த பல்செட்டை அப்படியே அடுப்பில் வைத்தால் பலன் திடமில்லாமல் போகிறது. அக்ரிலிக் இந்த அலையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; உலர்ந்த ஈஸ்ட்டிலும் விழுங்கத் தண்ணீர் குறைவு. தண்ணீரில் மூழ்கவைத்தாலோ ஒன்றரை நிமிடத்தில் கொதி வந்துவிடுகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் நெடுநேரம் தாங்காது. கொதிக்கிற தண்ணீர் நுண்துளைகள் வரை போய் வேலையை முடித்துவிடுகிறது. மேக்னட்ரானின் பங்கு அந்தத் தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கவைப்பது.

தண்ணீரின் இந்தப் பங்கு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அமெரிக்க உதாரணம் உண்டு. 2007 ஜனவரியில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் பிட்டன் குழு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை 2 நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் 99 சதவீதத்துக்கும் மேல் கிருமிகள் சாகும் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஈரமான ஸ்பாஞ்சு என்பது பலர் கண்ணில் படவில்லை. உலர்ந்த ஸ்பாஞ்சை வைத்தவர்கள் வீட்டில் தீப்பிடித்தது, அடுப்பு பாழானது. பல்கலைக்கழகம் அவசர அவசரமாக 'ஈரம், ஈரம்' என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் இதில் வைக்க வேண்டியதுதானே? இங்கேதான் ரேடார் காலத்துக் குணம் குறுக்கே வருகிறது. எஃகு அலையைத் திருப்பி அனுப்பிவிடும், தானாகச் சூடாகாது. கூரான முனைகளில் மின்பொறி பறக்கும். திரும்பிய சக்திக்கு விழுங்க ஆளில்லாவிட்டால் அது மேக்னட்ரானுக்கே போய் அதைக் கெடுக்கும். கூடவே தண்ணீரோ அலையை உறிஞ்சும் வேறு பொருளோ வைத்து, சில முன்னெச்சரிக்கைகளோடு உலோகக் கருவிகளையும் கிருமி நீக்கம் செய்யலாம் என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்து அறையில் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் கால் மணி நேரத்தில், ஈஸ்ட்டை மட்டுமல்ல, பாக்டீரியா வித்துக்களையும் சேர்த்து ஒழித்துக்கட்டும்போது, இந்தக் கயிற்று நடை யாருக்கு வேண்டும்? ஈஸ்ட் சாவது எளிது, வித்து சாவது கடினம். அறுவைச் சிகிச்சைக் கருவியில் வித்தும் இருக்கக் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொன்னது: வீட்டு அடுப்பில் சூடு ஒரே சீராகப் பரவாது, உலர்ந்த கருவியில் விட்டுப்போன இடங்கள் இருக்கலாம், மருத்துவக் கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்ய அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் மைக்ரோவேவுக்கு அனுமதி தரவில்லை.

ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேறு கதை. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தாங்களே நாளுக்குப் பலமுறை சிறுநீர்க் குழாயைப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமாக இருந்தால் போதும், ஒவ்வொரு முறையும் முழு ஸ்டெரைல் வேண்டியதில்லை என்று மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் 1972-ல் வாதிட்ட பிறகு, ஒரே குழாயைத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. சிவப்பு ரப்பர் குழாயில் ஒட்டிய ஈ.கோலையும் கேண்டிடாவும் 5 நிமிட மைக்ரோவேவில் செத்ததாக ஆய்வுகள் வந்தன. குழாய் உருகியதாகவும் வந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பதா இல்லையா, எந்த அடுப்பு, எந்தக் குழாய் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. அதனால் பொதுவான செய்முறை என்று ஒன்று உருவாகவேயில்லை.

இந்தியாவில் மேக்னட்ரானுக்குச் சட்டப்படி ஒரு மருத்துவ வேலை உண்டு; கருவியிடம் அல்ல, குப்பையிடம். 2016-ன் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி சிவப்புப் பையில் போகும் குழாய்கள், டிரிப் பாட்டில்கள், ஊசி கழற்றிய சிரிஞ்சுகள், கையுறைகள் ஆகியவற்றை ஆட்டோகிளேவிலோ மைக்ரோவேவிலோ வைத்துக் கிருமி நீக்கி, துண்டு துண்டாக்க வேண்டும். இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்க, 'பேசில்லஸ் அட்ரோஃபியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துக்கள், குறைந்தது பத்தாயிரம், தடவிய பட்டையை உள்ளே வைத்து எடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். ஈஸ்ட்டை வைத்துச் சோதித்தால் எல்லா இயந்திரமும் பாஸாகிவிடும். உடல் பாகங்களையும், கதிரியக்கக் கழிவையும், பெரிய உலோகப் பொருள்களையும் இதில் போடக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

வீட்டில் பல்செட்டுக்கு இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் பல் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டியது, உள்ளே கம்பியோ கொக்கியோ உலோகத் தகடோ இருக்கிறதா என்பது. இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். முழு அக்ரிலிக் என்றால், அவர் சரி என்று சொன்னால், தாராளமான குவளையில் தண்ணீரில் மூழ்கவைத்து, வைத்த பிறகு தானாக ஆறவிட வேண்டும். சூட்டில் அக்ரிலிக் இளகியிருக்கும். அவசரப்பட்டு எடுத்து அழுத்தினாலும், குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் வடிவம் கெடலாம். தினமும் செய்கிற வேலையும் அல்ல இது. தினப்படி வேலை பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் இரவில் கழற்றி வைப்பதும்தான்.

இன்னொரு விஷயம் அடுப்பின் வயது. மேக்னட்ரானுக்கு நடுவிலிருக்கும் கம்பி வருடக்கணக்கில் எரிந்து எரிந்து எலெக்ட்ரான்களைக் கக்கும் திறனை இழக்கும். பத்து வருட அடுப்பின் முதுகில் 700 வாட் என்று ஒட்டியிருக்கலாம். வருவது 500-ஆக இருக்கலாம். பிரேசில்காரர்களின் 3 நிமிடக் கணக்கு 650 வாட்டுக்கு. சோதிக்க ஒரு வெப்பமானி போதும். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு சக்தியில் சரியாக ஒரு நிமிடம் வைத்து, எடுத்துக் கலக்கி மறுபடி அளக்க வேண்டும். கூடிய ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 70 வாட். 10 டிகிரி கூடினால் 700 வாட். 9 டிகிரிக்கும் கீழே நின்றுவிட்டால் அந்த அடுப்பு சோற்றைச் சூடுபண்ணட்டும், பல்செட்டை அதில் வைக்க வேண்டாம்.